ஊருணி வரத்துக்கால் ஓரம் கோழி எரு: மருந்துக்கு அடங்காத கிருமி தண்ணியில் இறங்குமா?

ஊருணிக்கரை கேட்டது:

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம். குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி. குடிதண்ணி ஊருணி 50 மீட்டருக்கு 50 மீட்டர், சுத்தி செம்புறாங்கல் படி, நடுவில் உள்கிணறு. நிறைஞ்சா சராசரி 2 மீட்டர் ஆழம் நிக்கும். இந்தக் கோடையில் தூர் வாரி, வரத்துக்காலையும் 600 மீட்டருக்குச் சுத்தம் பண்ணியாச்சு.

சிக்கல் என்னன்னா, வரத்துக்கால் பாதி வழியில் ஒரு கறிக்கோழிக் கொட்டகை. 4,000 கோழி. ஒவ்வொரு பேட்ச் முடிஞ்சதும் நெல் உமியோட சேர்ந்த எருவை வாய்க்கால் கரையிலேயே குவிச்சிடறாங்க. லாரி வர்ற வரைக்கும் அங்கேதான் கிடக்கும். ஐப்பசி மழை பிடிச்சா நேரா ஊருணிக்குள்ளதான் வரும்.

ஊருணித் தண்ணியை 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு ஏத்தி நாலு தெருக்குழாயில் விடறோம். பிளீச்சிங் பவுடர் கண்ணளவுதான். சில வீட்டில் இன்னும் குடத்தில் நேரா மொண்டு, வடிகட்டிக் குடிக்கிறாங்க.

ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியா கோழி எருவில் இருக்கும்னு ஊரில் பேச்சு கிளம்பியிருக்கு. "மருந்துக்கே சாகாதது கொதிதண்ணிக்கா சாகும்?"னு கேக்கறாங்க, பதில் சொல்லத் தெரியலை. குளோரின் எவ்வளவு போடணும்? இந்தக் கிருமி இருக்கான்னு எப்படி, யார்கிட்ட பார்க்கறது? எருவை என்ன பண்ணச் சொல்றது? தூர் வாரின வண்டலை வயலுக்கு அடிச்சிட்டாங்க, அதுல ஏதும் இருக்கா?

---

மடைவாய் எழுதியது:

அண்ணே, முதல் சந்தேகத்தை முதல்ல தீர்த்துடுவோம். ஆன்டிபயாட்டிக்குக்குத் தப்பிக்கிறதும் சூட்டுக்குத் தப்பிக்கிறதும் வேற வேற வித்தை. செஃபோடாக்சிம் மாதிரி மருந்தை அந்தப் பாக்டீரியா ஒரு என்சைமை விட்டு வெட்டிப் போடுது, அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணியில் அதோட புரதம் எல்லாம் முட்டை வெந்த மாதிரி ஆயிடும். அந்த என்சைமும் சேர்ந்துதான் வேகும். தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா மருந்துக்கு அடங்கினதும் போச்சு, அடங்காததும் போச்சு. ஆற வச்ச பிறகு கையை விட்டு மொண்டா மறுபடி ஏறிடும், அது வேற விஷயம். மூடி போட்ட பானை, நீளக் கைப்பிடி அகப்பை.

குளோரினும் அப்படித்தான். கொல்லும். ஆனா உங்க ஊருணியில் குளோரின் தோத்துப்போக ரெண்டு காரணம் இருக்கு. அதைத்தான் கவனிக்கணும்.

ஒண்ணு, கலங்கல். பாக்டீரியா தனியா மிதக்கறதில்லை, களிமண் துகளில் ஒட்டிக்கிட்டு வரும். துகளோட மறைப்பில் இருக்கிறதைக் குளோரின் தொடாது. இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கலங்கலை 1 அலகுக்குள்ள வைக்கச் சொல்லுது, வேற வழியே இல்லாட்டி 5 வரை. மழைக்குப் பிறகு செம்மண் தண்ணி அதைப்போல பல மடங்கு நிக்கும். தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைச்சு ஊத்தற பழைய வழக்கம் இதுக்கு நல்லாவே கைகொடுக்கும். ஆனா அது தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. தொட்டி அளவுக்குன்னா படிகாரம். 10 கிராம் படிகாரத்தை 1 லிட்டர் தண்ணியில் கரைங்க. ஊருணித் தண்ணி ஒவ்வொரு லிட்டரா அஞ்சு பாட்டிலில் பிடிச்சு, இந்தக் கரைசலை 1, 2, 3, 4, 5 மி.லி. ஊத்துங்க. ஒரு நிமிஷம் வேகமா, பத்து நிமிஷம் மெதுவாக் கலக்கி, அரைமணி விடுங்க. எந்தக் குறைஞ்ச அளவில் தெளியுதோ அதுதான் உங்க அளவு. 1 மி.லி.ன்னா லிட்டருக்கு 10 மி.கி. 3 மி.லி. பாட்டில் தெளிஞ்சா 5,000 லிட்டருக்கு 150 கிராம். தொட்டி அடியில் படியற சேற்றைத் திறந்துவிட வால்வு இருக்கணும், இல்லாட்டி நாலாம் நாள் அந்தச் சேறே கிருமிக் கூடமாயிடும்.

ரெண்டாவது காரணம் கோழி எருவோடது, இதைத்தான் பலர் கோட்டை விடறாங்க: அமோனியா. எருத்தண்ணி கலந்தா அமோனியா ஏறும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்து குளோரமின் ஆகிடும். குளோரமின் மெதுவாத்தான் கொல்லும். குளோரின் இருக்கான்னு பார்க்க விடற ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்து அதுக்கும் மஞ்சளாயிடும்! மஞ்சள் வந்துடுச்சு, குளோரின் இருக்குன்னு நினைச்சுக்குவீங்க. உண்மையில் வேலை செய்யற குளோரின் பூஜ்யமா இருக்கும். சொட்டு விட்ட பத்து நொடிக்குள்ள வர்ற நிறம்தான் ஓரளவுக்குத் தனிக் குளோரின், அதாவது அமோனியாவோட சேராம நிக்கிறது. அப்புறமா ஏறற மஞ்சள் குளோரமின். டி.பி.டி. ஒண்ணாம் நம்பர் மாத்திரை வாங்கிடறது நல்லது, அது தனிக் குளோரினுக்கு மட்டும் ரோஸ் காட்டும், சட்டுன்னு படிச்சா ஏமாத்தாது. அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 0.5 மி.கி. இருந்தா, அதைத் தின்னு தீர்க்கவே சுமார் 5 மி.கி. குளோரின் வேணும். பத்துக்கு ஒண்ணுன்னு நினைவு வச்சுக்குங்க.

கண்ணளவை விடுங்க. 25 சதவீதக் குளோரின் இருக்கிற பவுடர் 40 கிராமை 1 லிட்டரில் கரைச்சா அது 1 சதவீதக் கரைசல். அதில் 100 மி.லி. எடுத்து 1 லிட்டராக்குங்க. இப்போ 1 மி.லி.யில் 1 மி.கி. குளோரின். தெளிஞ்ச தண்ணி அஞ்சு பாட்டிலில் 1 முதல் 5 மி.லி. வரை விட்டு, அரைமணி கழிச்சு மாத்திரை போட்டுப் பாருங்க. எந்தப் பாட்டிலில் 0.5 மி.கி. மிச்சம் நிக்குதோ அந்த அளவு. 2 மி.லி. பாட்டில்னா 5,000 லிட்டருக்கு 10 கிராம் குளோரின், அதாவது பவுடர் 40 கிராம். வாளியில் குழைச்சுப் பத்து நிமிஷம் விட்டு, தெளிஞ்சதை மட்டும் தொட்டியில் ஊத்தணும். அடிச் சுண்ணாம்பை ஊத்தினா குழாய் அடைக்கும். அரைமணி கழிச்சுத் திறங்க. தெருக்கடைசிக் குழாயில் 0.2-க்குக் கீழே போகக் கூடாது. திறந்த மூட்டையில் ரெண்டு மாசம் இருந்த பவுடர் 25 சதவீதம் இருக்கும்னு நம்பாதீங்க, வெயிலும் ஈரமும் பட்டா பாதியாயிடும்.

ஊருணிக்குள்ளேயே பவுடரைக் கொட்டற வழக்கம் வேண்டாம். 50 லட்சம் லிட்டருக்கு லிட்டருக்கு 2 மி.கி.ன்னாலே 40 கிலோ பவுடர். பாசியும் சேறும் அதை முழுங்கிடும், மீன் செத்து மிதக்கும், ரெண்டு நாளில் பழைய நிலை.

---

தட்டுவளர்ப்பு எழுதியது:

மடைவாய் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு. குளோரின் செல்லைக் கொல்லும், ஆனால் செல் உடைந்து வெளிவரும் டி.என்.ஏ. துண்டில் எதிர்ப்பு மரபணு (மருந்துக்குத் தப்பிக்க வைக்கும் மரபணு) முழுசாகவே இருக்கலாம். அது வேறு பாக்டீரியாவுக்குள் போகும் வாய்ப்பு குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. யூ.வி. விளக்கும் அப்படியே: பாக்டீரியாவைச் செயலிழக்க வைக்கும் அளவு மரபணுவைச் சிதைக்கப் போதாது, பல மடங்கு வேண்டும். அதனால் கடைசிக் குழாயில் சுத்திகரிப்பதை விட வரத்துக்காலில் தடுப்பதுதான் காரியம்.

பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன வளைய டி.என்.ஏ. அதில்தான் பெரும்பாலும் இந்த மரபணுக்கள் உட்கார்ந்திருக்கும். ஒரு பாக்டீரியா பக்கத்தில் உள்ளதோடு ஒட்டி அதன் பிரதியைக் கொடுத்துவிடும். கோழிக் குடலில் வந்த ஈ.கோலை என்ற பாக்டீரியா ஊருணியில் சில வாரத்தில் மடிந்தாலும், அதற்குள் ஊருணியிலேயே வாழும் வேறொன்றுக்கு அதைத் தந்துவிட்டுப் போகலாம். என்.டி.எம்.-1 என்று பேர் அடிபட்ட எதிர்ப்பு மரபணு இருக்கிறதே, 2011-ல் வெளியான ஆய்வில் டெல்லித் தெருவோரத் தேங்கல் நீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50-ல் 2-லும் அது கிடைத்தது. மருத்துவமனைக்குள் மட்டும் இருக்கும் சமாச்சாரம் என்ற எண்ணம் அப்போதே போய்விட்டது.

அதே சமயம் பீதியும் வேண்டாம். 30,000 ஆண்டு உறைபனி மண்ணிலேயே எதிர்ப்பு மரபணுக்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். மண் என்றால் இருக்கும். "இருக்கா இல்லையா" என்பது கேள்வியே இல்லை. எவ்வளவு, எங்கிருந்து கூடுகிறது, இதுதான் கேள்வி. குடித்தவுடன் காய்ச்சல் வராது. பெரும்பாலும் குடலில் சத்தமில்லாமல் குடியேறும். பின்னால் சிறுநீர்த் தொற்றோ அறுவைப் புண்ணோ வரும்போதுதான் வழக்கமான மாத்திரை பிடிக்காது.

பரிசோதனைக்கு வருவோம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மலக்கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம், ஈ.கோலை பாக்டீரியாக்களைப் பார்த்துக் கொடுப்பார்கள்; மருந்து எதிர்ப்பு பார்ப்பது அவர்கள் வழக்கமான பட்டியலில் இல்லை. கறுப்பாகும் எச்.டூ.எஸ். குப்பி மலக்கலப்புக்கு முதல் எச்சரிக்கை, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. சேறு கலந்தால் பொய்யாகவும் கறுக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு கல்லூரி அல்லது மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் கூடம். அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, முதுகலை மாணவர் ஒருவருக்கு அருமையான ஆய்வுத் தலைப்பு. தயவுசெய்து வீட்டில் தட்டில் பாக்டீரியா வளர்த்துப் பார்க்காதீர்கள். மருந்து கலந்த தட்டு என்பது அடங்காததை மட்டும் பொறுக்கி வளர்க்கும் தட்டு. அதை 121 டிகிரியில் அரைமணி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைக்காமல் குப்பையில் போட்டால் நீங்களே ஒரு மூலம்.

அங்கே கொடுக்கும்போது இப்படிக் கேளுங்கள். மருந்தில்லாத டி.பி.எக்ஸ். அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டு ஒன்று, லிட்டருக்கு 4 மி.கி. செஃபோடாக்சிம் கலந்தது ஒன்று, இரண்டிலும் ஒரே தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் ட்ரைசைக்கிள் (Tricycle) கண்காணிப்பு நெறியிலும் இதே 4 மி.கி.தான், அதனால் பிற ஊர் எண்ணோடு ஒப்பிடலாம். தண்ணீரை 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டி, சவ்வை அகார் மேல் வைத்து, முதல் 4 மணி 30 டிகிரி, பிறகு 44 டிகிரியில் மறுநாள் காலை வரை. நீலப்பச்சைப் புள்ளி ஈ.கோலை.

அளவு முக்கியம். ஊருணித் தண்ணீர் 100 மி.லி. அப்படியே வடித்தால் தட்டு முழுக்கப் பாய் விரித்தாற்போல் வளரும், எண்ண முடியாது. 10, 1, 0.1 மி.லி. என்று மூன்று அளவில் போடச் சொல்லுங்கள். 20 முதல் 80 புள்ளி விழும் தட்டை எண்ணினால் போதும். உதாரணத்துக்கு, மருந்தில்லாத தட்டில் 1 மி.லி.க்கு 60 புள்ளி, அதாவது 100 மி.லி.க்கு 6,000. மருந்துத் தட்டில் 10 மி.லி.க்கு 24, அதாவது 240. விகிதம் 4 சதவீதம். இந்த விகிதம்தான் பேசும். மழை வந்தால் மொத்த எண் எப்படியும் ஏறும். விகிதமும் சேர்ந்து ஏறினால் மருந்து பழகிய குடல் ஒன்றிலிருந்து புதிதாக வருகிறது என்று பொருள்.

எங்கே தவறும் என்றும் சொல்லிவிடுகிறேன். அகார் சூடாக இருக்கும்போதே மருந்தை ஊற்றினால் செஃபோடாக்சிம் கெட்டுவிடும், எல்லாம் வளரும், "ஐயோ நூறு சதவீதம்" என்று அறிக்கை வரும். 50 டிகிரிக்கு இறங்கிய பிறகு ஊற்ற வேண்டும். ஊற்றிய தட்டைக் குளிர்பெட்டியில் இருட்டில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏ.டி.சி.சி. 25922 என்ற, மருந்துக்கு அடங்கும் ஒப்பீட்டு ஈ.கோலையை மருந்துத் தட்டில் தேய்த்து, வளரவில்லை என்று பார்த்தாரா எனக் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. மெக்கான்கி அகாரில் போட்டால் சூடோமோனாஸ் தொந்தரவு: அது இயல்பாகவே இந்த மருந்துக்கு மசியாது, ஊருணியில் எப்போதும் இருக்கும். ஆக்சிடேஸ் சோதனையில் ஊதா காட்டினால் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உறுதிப்படுத்த, மருந்துத் தட்டிலிருந்து அஞ்சாறு புள்ளி எடுத்து முல்லர்-ஹின்டன் அகாரில் வில்லைச் சோதனை: மருந்து ஏற்றிய வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையத்தை அளப்பது. அகார் 4 மி.மீ. கனம், கரைசல் 0.5 மெக்ஃபர்லண்ட் கலங்கல். செஃபோடாக்சிம் 30 மைக்ரோகிராம் வில்லை ஒன்று, அதோடு, மருந்தை வெட்டும் என்சைமை முடக்கும் கிளாவுலனிக் அமிலம் 10 சேர்த்தது ஒன்று. முதலாவதைச் சுற்றி 12 மி.மீ. வளையம், இரண்டாவதைச் சுற்றி 24 என்றால் வித்தியாசம் 12. அஞ்சோ அதற்கு மேலோ வந்தால் ஈ.எஸ்.பி.எல். எனப்படும் அந்த வெட்டும் என்சைம் உண்டு. கையோடு சிப்ரோஃப்ளாக்சசின், மெரோபெனெம் வில்லையும் வைக்கச் சொல்லுங்கள். கொலிஸ்டினுக்கு வில்லை வைத்து யாராவது முடிவு தந்தால் ஏற்காதீர்கள்; அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது, திரவ ஊடகத்தில் நீர்த்துப் பார்ப்பதுதான் முறை.

---

கொட்டகைக்கணக்கு எழுதியது:

கோழி மேல மட்டும் பழி போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. வரத்துக்காலுக்கு 100 மீட்டருக்குள்ள எத்தனை வீட்டு செப்டிக் டேங்க் இருக்கு? அதில் எத்தனைக்கு அடி பூசியிருக்கு? ராத்திரியில் டேங்கர் லாரி கண்மாய்க்குள்ள திறந்துவிட்டுப் போறது இருக்கா? மூணாம் தலைமுறை செஃபலோஸ்போரின் (செஃபோடாக்சிம் வகை) ஊசி மனுசங்களுக்குத்தான் அதிகம் போடறோம். அதனால் வரத்துக்காலில் எருவுக்கு மேல்பக்கம் ஒரு தண்ணி மாதிரி, கீழ்ப்பக்கம் ஒரு மாதிரி எடுக்காமப் பண்ணைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க.

ஆனா எருவும் சாதுவில்லை. கறிக்கோழிக்குச் சளி, கழிச்சல்னா முதல்ல தண்ணியில் என்ரோஃப்ளாக்சசின் கலக்கறதுதான் நடைமுறை. கோழி உடம்பில் அதோட ஒரு பங்கு சிப்ரோஃப்ளாக்சசினா மாறும். அது மண்ணில் களியோட இறுக்கமா ஒட்டிக்கும், சீக்கிரம் அழியாது. டாக்ஸிசைக்ளின், ஆக்ஸிடெட்ராசைக்ளினும் எருவில் வாரக்கணக்கில் நிக்கும். பெனிசிலின் வகை சீக்கிரம் உடைஞ்சிடும். தீவனத்தில் சேர்க்கற துத்தநாகம், தாமிரம் இருக்கே, அது அழியவே அழியாது. உலோகத்தைத் தாங்கற மரபணுவும் மருந்தைத் தாங்கற மரபணுவும் பல நேரம் ஒரே பிளாஸ்மிட்டில் இருக்கிறதால, மருந்தே போடாத பேட்ச் எருவும் அந்தக் கூட்டத்தைக் காப்பாத்திக்கிட்டே இருக்கும். கொலிஸ்டினை 2019 ஜூலையில் கோழி, மாடு எல்லாத்துக்கும் தடை பண்ணியாச்சு. பண்ணையில் பழைய டப்பா கிடந்தா அதைப் போடாதீங்கன்னு எடுத்துச் சொல்லுங்க.

எருவை மட்க வைக்கிறது எப்படின்னு சொல்றேன். குவிச்சு வச்சா தானா மட்கும்னு நினைக்கிறதுதான் தப்பு. கோழி எருவில் நைட்ரஜன் அதிகம், நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரிமம் பத்துப் பதினைஞ்சு பங்குதான் இருக்கும். 25 முதல் 30 பங்குக்குக் கொண்டுவரணும். எரு ரெண்டு கூடைக்கு வைக்கோலோ காய்ஞ்ச சருகோ ரெண்டு கூடைன்னு ஆரம்பிங்க, அமோனியா நெடி மூக்கைத் துளைச்சா சருகு பத்தலைன்னு அர்த்தம். கையில் பிடிச்சுப் பிழிஞ்சா விரலிடுக்கில் ரெண்டு சொட்டு வரணும். அதுதான் 50–60 சதவீத ஈரம். கொட்டகை எரு நம்ம ஊர் வெயிலுக்கு மேலே உலர்ந்து கிடக்கும், தண்ணி தெளிக்காம சூடே ஏறாது. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடறது.

அகலம் 2 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர் வரப்பு மாதிரி நீளமா அடுக்குங்க. அதுக்குக் கீழே போனா சூடு நிக்காது. நீளக் கம்பி வச்ச டயல் வெப்பமானியை அரை மீட்டர் உள்ளே குத்தி தினமும் குறிச்சு வைங்க. மூணாம் நாளே 55 டிகிரி தாண்டணும். 55-க்கு மேலே 15 நாள் நிக்கணும், அந்த 15 நாளுக்குள்ள அஞ்சு தடவை புரட்டணும். ஏன் அஞ்சு தடவைன்னா, குவியலோட வெளித்தோல் ஒரு சாண் ஆழத்துக்கு எப்பவும் ஆறியே இருக்கும்; வெளியே இருந்தது ஒரு தடவையாவது உள்ளே போய் வேகணும். புரட்டினதும் சூடு இறங்கி மறுபடி ஏறும், அது சரி. 70-ஐத் தாண்டினா உடனே புரட்டுங்க, மட்கவைக்கிற நுண்ணுயிரே செத்துடும். அப்புறம் ரெண்டு மாசம் சும்மா கிடந்து ஆறணும்.

இப்படிச் செஞ்சா குடல் பாக்டீரியா உயிரோட இருக்கிறது ரொம்பவே குறையும். மரபணு மொத்தமும் போயிடும்னு சொல்லமாட்டேன்; டெட்ராசைக்ளின் வகை நல்லாக் குறையும், சல்ஃபா எதிர்ப்பு மரபணு சிலது அடம் பிடிக்கும். பச்சை எருவோட ஒப்பிட்டா மலைக்கும் மடுவுக்கும்.

பச்சை எருவே போடணும்னா கீரை, வெள்ளரிக்கு வேண்டாம். நெல்லு, கடலைக்குக் கோடை உழவில் போட்டு அன்னைக்கே மண்ணுக்குள்ள உழுதுடுங்க, மேலே பரப்பிப் போட்டா முதல் மழை அள்ளிக்கிட்டு வரத்துக்கால்லதான் விடும். பச்சையாத் தின்கிற, மண் படற காய்னா அறுவடைக்கு 120 நாள் முன்னாடி போட்டிருக்கணும்.

---

ஊருணிக்கரை எழுதியது:

ரொம்ப நன்றிங்க. செப்டிக் டேங்க் விஷயம் நாங்க யோசிக்கவே இல்லை. வரத்துக்கால் மேல்பக்கம் பதினொரு வீடு இருக்கு.

நாலு சந்தேகம். மாதிரி எங்கே, எப்போ, எத்தனை எடுக்கறது? செலவு தாங்கணும். முதல் மழைத் தண்ணியை மட்டும் வெளியே தள்ள முடியுமா, எவ்வளவு தள்ளணும்? வண்டல் பத்தி யாரும் சொல்லலை. ஆர்.ஓ. மெஷின் ஒண்ணு தர்றேன்னு ஒரு ஆச்சி சொல்லியிருக்காங்க, வாங்கலாமா?

---

மடைவாய் எழுதியது:

முதல் மழைக் கணக்கு. உங்க வரத்துப் பரப்பு 5 ஹெக்டேர்னு வைப்போம். 10 மி.மீ. மழைன்னா 500 கன மீட்டர் விழும். காய்ஞ்ச செம்மண் பாதிக்கு மேலே குடிச்சிடும். முப்பது சதவீதம் ஓடி வந்தா 150 கன மீட்டர், ஒன்றரை லட்சம் லிட்டர். உங்க ஊருணி கொள்ளளவில் அது மூணு சதவீதம்தான். ஆனா கோடை முழுக்கச் சேர்ந்த சாணி, எரு, குப்பை அதில்தான் வரும். தாராளமாத் தள்ளலாம், ஊருணி நிறையறது குறையாது.

வழி: ஊருணி வாய்க்கு 10 மீட்டர் முன்னாடி வரத்துக்கால் ரெண்டு பக்கச் சுவரிலும் காடி வெட்டி, பலகை சொருகற மாதிரி பண்ணுங்க. பக்கத்தில் ஒரு கழிவு மடை. மழைக்காலம் தொடங்கறப்போ பலகை மூடி, கழிவு மடை திறந்து இருக்கணும். தண்ணி எருக்குழம்பு நிறம் மாறி, நுரை அடங்கி, வெறும் செம்மண் நிறத்துக்கு வந்த பிறகு மாத்துங்க. ரெண்டு வாரம் மழை விட்டுப் போய் மறுபடி பிடிச்சா மறுபடியும் முதல் மழைதான். தள்ளற தண்ணியைக் குளிக்கிற ஊருணிக்குத் திருப்பிடாதீங்க, பிள்ளைங்க முங்கிக் குளிக்கையில் வாய்க்குள்ள போறதும் குடிக்கிறதும் ஒண்ணுதான். வெட்டிவேரோ கோரையோ நட்ட ஒரு தாழ்வான மேடு கட்டின புறம்போக்குத் துண்டு போதும்.

வண்டல் தொட்டி கட்டச் சொல்லி யாராவது வருவாங்க. கட்டுங்க, ஆனா அதை நம்பி இருக்காதீங்க. 3 மீட்டர், 2 மீட்டர், ஒன்றரை மீட்டர் தொட்டியில் வினாடிக்கு 30 லிட்டர் வந்தா அஞ்சு நிமிஷம்தான் தங்கும். மணல் படியும், களியும் அதில் ஒட்டின பாக்டீரியாவும் தாண்டிப் போயிடும்.

ஆர்.ஓ.: உங்க தண்ணி உப்பு இல்லை, மழைத் தண்ணி. ஆர்.ஓ. போட்டா உப்பை எடுக்கத்தான் காசு. சவ்வு பாக்டீரியாவைத் தடுக்கும்தான், ஆனா பின்னாடி இருக்கிற சேமிப்புத் தொட்டியில் குளோரின் துளியும் இருக்காது, வாரம் ஒரு தடவை கழுவாட்டி அங்கேயே வளரும். ஆச்சி கொடுக்கிற காசுக்கு மணல் வடிகட்டி, குளோரின் சொட்டவிடற கருவி, டி.பி.டி. மாத்திரை ஒரு வருசத்துக்குன்னு கேட்டுப் பாருங்க.

---

தட்டுவளர்ப்பு எழுதியது:

குறைந்த செலவில் என்றால் நாலு இடம், மூன்று வேளை, பன்னிரண்டு மாதிரி. இடம்: வரத்துக்காலில் வீடுகளுக்குக் கீழே ஆனால் எருவுக்கு மேலே, எருவுக்குக் கீழே 20 மீட்டர், ஊருணியில் படித்துறைக்கு எதிர்க்கரை, தெருக்கடைசிக் குழாய். வேளை: இப்போது, மழைக்கு முன் (வரத்துக்கால் காய்ந்திருக்கும், அந்த இரண்டு இடத்தில் ஈர மண் 10 கிராம் எடுத்தால் போதும்); முதல் ஓட்டம் வந்த அரைமணிக்குள்; மழை நின்று இரண்டு வாரம் கழித்து. முதல் இடத்திலேயே விகிதம் எகிறி நின்றால் செப்டிக் டேங்க் பக்கம் திரும்புங்கள். இரண்டாவது இடத்தில்தான் தாவுகிறது என்றால் எரு.

எடுப்பது: கிருமி நீக்கிய 500 மி.லி. பாட்டில், வாயைத் தண்ணீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே ஓட்டத்தை நோக்கி வைத்து நிரப்பி, மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூட வேண்டும். அடியைக் கலக்கக் கூடாது. நீரை விட அடிச்சேற்றில் பாக்டீரியா பல மடங்கு செறிந்திருக்கும், ஒரு கால் வைத்தாலே எண் பொய்யாகிவிடும். குழாய் மாதிரி பாட்டிலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும், 120 மி.லி.க்கு 3 சதவீதக் கரைசல் 0.1 மி.லி. வீதம், 500 மி.லி. பாட்டிலுக்கு 0.4 மி.லி. அது இல்லாவிட்டால் போகும் வழியெல்லாம் குளோரின் கொன்றுகொண்டே இருக்கும், கூடத்தில் "ஒன்றும் இல்லை" என்று வரும். ஐஸ் பெட்டியில் 10 டிகிரிக்குக் கீழே, ஐஸ் பாட்டிலில் நேராகப் படாமல், 6 மணி நேரத்துக்குள் கூடம் போய்ச் சேர வேண்டும்.

வண்டல்: வயலுக்கு அடித்தது தப்பில்லை. கோடையில் வெட்டி, பாளம் பாளமாக வெடிக்கும் வரை இரண்டு மூன்று வாரம் வெயிலில் காய்ந்திருந்தால் குடல் பாக்டீரியா பெருமளவு மடிந்திருக்கும். ஈரமாக அள்ளிக் கீரைப் பாத்தியில் போட்டிருந்தால் மட்டும் இந்தப் பருவம் அங்கே பச்சையாகத் தின்பதைத் தவிர்க்கலாம். உள்கிணறு மேலே தெரிகிற மாதங்களில் அதிலிருந்து தனியாக ஒரு மாதிரி எடுங்கள். மண் வழியே ஊறி வரும் தண்ணீர், பெரும்பாலும் ஊருணியை விடச் சுத்தமாக இருக்கும். அப்படி இருந்தால் மோட்டாரின் உறிஞ்சு குழாயை அங்கே இறக்கிவிடலாம்.

---

கொட்டகைக்கணக்கு எழுதியது:

பண்ணைக்காரர்கிட்டப் போறப்போ சட்டத்தை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. 4,000 கோழிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவுன்னு பேசினா எடுபடாது, அந்த வரம்புக்குள்ள இவ்வளவு சின்னப் பண்ணை வராது. குவியலை வரத்துக்காலுக்கு எதிர்ச்சரிவில் மாத்தி, முக்கால் அடி மண்வரப்பு சுத்திக் கட்டி, தார்ப்பாய் போட்டுக் கொடுக்கிறோம், சருகும் வைக்கோலும் ஊர் தருதுன்னு கேளுங்க. மட்கின எரு பச்சை எருவை விட நல்ல விலைக்குப் போகும், அந்தக் கணக்கு அவருக்குப் புரியும். இப்போ புரட்டாசி. இந்த வாரம் அடுக்கினாத்தான் 15 நாள் சூடு முடிஞ்சு ஐப்பசி மழைக்கு முன்னாடி மூடலாம். மழையில் நனைஞ்ச குவியல் மறுபடி சூடேறாது, அழுகும். அதைத் திரும்பப் பிரிச்சு சருகு கலந்துதான் அடுக்கணும்.